குதிரைக்குச் சிறு காயம்: மருத்துவரை எப்போது அழைக்க வேண்டும்?

குதிரை வளர்க்கும் வாசகர்களிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல, காயங்களைப் பற்றியவை. எந்தக் காயத்தை நாமே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு மருத்துவர் வர வேண்டும் என்ற ஒரே சந்தேகம்தான் அவற்றில் வெவ்வேறு வடிவங்களில் கேட்கப்பட்டிருக்கிறது. ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். குதிரைகளுக்குச் சிகிச்சை அளித்துவரும் கால்நடை மருத்துவர் பதில் அளிக்கிறார். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: டாக்டர், எங்கள் குதிரை கம்பிவேலியில் உரசிக்கொண்டதில், முன்னங்காலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் கிழிந்துவிட்டது. இரத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. நடையிலும் மாற்றம் தெரியவில்லை. லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், கழுவிவிட்டால் போதும் என்கிறார். என் தம்பியோ மருத்துவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்கிறான். ஒவ்வொரு கீறலுக்கும் மருத்துவரை அழைத்துக்கொண்டிருக்க முடியாதல்லவா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: காயத்தின் நீள அகலத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். தொடையிலோ மார்பின் முன்புறத்திலோ ஒரு சாண் நீளத்துக்குச் சதை பிளந்து தொங்குவதைக் கண்டால் நமக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் அங்கே தோலுக்கு அடியில் தடித்த தசை இருக்கிறது. இரத்த ஓட்டமும் தாராளமாக இருக்கிறது. தையலுக்கு மருத்துவர் தேவைப்பட்டாலும், அத்தகைய காயங்கள் பெரும்பாலும் நல்லபடியாக ஆறிவிடுகின்றன. முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழேயும் பின்னங்காலின் நடுவில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஹாக் மூட்டுக்குக் கீழேயும் நிலைமை அப்படியல்ல. அங்கே சதைப்பற்றே கிடையாது. தோலைத் தாண்டினால் நேராகத் தசைநாண், எலும்பு, மூட்டு ஆகியவைதான். அந்த இடத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை விழுந்திருந்தாலும் அது மூட்டுக்குள் போயிருக்கக்கூடும். உயிருக்கே ஆபத்தாக முடிந்த காயங்கள் பலவற்றை முதல் நாளில் பார்த்தவர்கள் ‘சின்னக் காயம்தான்’ என்றே சொல்லியிருக்கிறார்கள்.

கழுவிப் பார்க்காமல் எந்தக் காயத்தையும் மதிப்பிட முடியாது. வலியில் இருக்கும் குதிரை எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும் உதைக்கும். ஆகவே பழகிய ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் பக்கவாட்டில், உடம்பை ஒட்டி நின்று வேலை செய்யுங்கள். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அதில் 9 கிராம் உப்பைக் கரைத்தால், அதாவது தேக்கரண்டியால் தலைதட்டி ஒன்றரை அளவு போட்டால், காயம் கழுவ ஏற்ற உப்புநீர் கிடைத்துவிடும். ஊசி பொருத்தாத பெரிய சிரிஞ்சில் அதை எடுத்து, மண்ணும் முடியும் வெளியேறும் வரை பீய்ச்சிக் கழுவுங்கள். அது கைவசம் இல்லாவிட்டால் சுத்தமான குழாய் நீரே போதும். மெதுவான ஓட்டத்தில் சில நிமிடங்கள் விட்டால் போதும். வேகமாகப் பாய்ச்சினால் அழுக்கு உள்ளேதான் போகும்.

கழுவிய பிறகு, வெட்டுவாயின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். குதிரை ஓர் அடி எடுத்துவைக்கும்போது அந்த ஓரங்கள் விலகிப் பிரிந்தால், தோலின் முழுக் கனமும் அறுந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட காயத்துக்குத் தையல் தேவைப்படலாம். முதல் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தைத்தால் பலன் நன்றாக இருக்கும். நேரம் கடந்துவிட்டால் தைக்கவே முடியாது என்பதில்லை என்றாலும், வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அதனால்தான் ‘நாளைக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்’ என்று காத்திருப்பதை நான் ஏற்பதில்லை. தொலைபேசியில் கேட்க ஐந்து நிமிடம் ஆகும். இழந்த முதல் எட்டு மணி நேரம் திரும்பி வராது.

அடுத்து, காயத்திலிருந்து கசியும் நீரைக் கவனியுங்கள். மெலிதான, சிவப்பு கலந்த கசிவு இயல்பானது. ஆனால் தெளிந்த வெளிர்மஞ்சள் நிறத்தில், முட்டையின் வெள்ளைக்கருவைப் போல வழவழப்பாக ஏதாவது வந்தால், கையுறை அணிந்த விரலில் ஒரு சொட்டை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். நூலாக இழுபட்டால் அது மூட்டுநீராகவோ தசைநாண் உறைக்குள் இருக்கும் நீராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். அப்படி எதுவும் வராததால் மூட்டு பத்திரமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. துளை சிறியதாக இருந்தால் நீர் வெளியே வராமலும் போகலாம்.

உங்கள் குதிரையின் காயம் காலின் முன்பக்கத்தில் இருக்கிறதா, பின்பக்கத்தில் இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. அது மிக முக்கியமான விவரம். முன்பக்கத்தில் இருக்கும் தசைநாண்கள் காலை நீட்டுவதற்கானவை. அவை அறுந்தால் குதிரை குளம்பின் நுனி இடறித் தடுமாறும். ஆனால் முறையான சிகிச்சையும் ஓய்வும் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். பின்பக்கத்தில் இருப்பவை உடலின் எடையைத் தாங்குபவை. அவற்றில் வெட்டு விழுந்தால் குதிரையின் எதிர்காலமே கேள்விக்குறியாகிவிடும். நிற்கும்போது குளம்பின் நுனி தரையிலிருந்து மேலே தூக்கிக்கொண்டாலோ, குளம்புக்கு மேலிருக்கும் ஃபெட்லாக் மூட்டு வழக்கத்தைவிடத் தாழ்ந்து இறங்கினாலோ, குதிரையை ஓர் அடிகூட நடக்க விடாமல் மருத்துவரை வரவழைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மற்றொரு குதிரை உதைத்ததால் முன்னங்காலின் மேற்பகுதியிலோ பின்னங்காலின் உட்புறத்திலோ ஏற்படும் சிறிய காயத்தை ஒருபோதும் அலட்சியப்படுத்தாதீர்கள். அந்த இடங்களில் எலும்புக்கு மேல் வெறும் தோல்தான் இருக்கிறது. வெளியே ஒரு சிறு வெட்டு மட்டும் தெரிய, உள்ளே எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். அது முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அத்தகைய குதிரை படுத்து எழுந்திருக்கும்போது எலும்பு முழுவதுமாக முறிந்துவிடும் அபாயம் உண்டு. எனவேதான் உதை வாங்கிய குதிரை நொண்டினால், காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதை நகர்த்துவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும் என்கிறேன்.

அப்படியானால் எதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்? முடி உதிர்ந்து மேல்தோல் மட்டும் சிராய்த்திருக்கிறது, ஓரங்கள் விலகவில்லை, மூட்டு அருகில் இல்லை, குதிரை நொண்டவில்லை, வழக்கம்போல் தின்கிறது, டெட்டனஸ் தடுப்பூசியும் காலாவதியாகவில்லை என்றால், தினமும் கழுவி, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டு, காலையும் மாலையும் ஒரு பார்வை பார்த்தால் போதும். இரண்டு மூன்று நாட்களில் வீக்கம் வடிய வேண்டும். வடியாமல் கூடினாலும், தொட்டால் சூடாக இருந்தாலும், நாற்றமோ சீழோ வந்தாலும், கால் முழுவதும் தூணாக வீங்கினாலும் அது வீட்டு வைத்தியத்துக்கு உரிய காயம் அல்ல.

மொத்தத்தில், உங்கள் தம்பி சொல்வதன் பக்கமே நானும் நிற்கிறேன். மூட்டிலிருந்து ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் தோல் முழுவதும் கிழிந்த எந்தக் காயமானாலும் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. அவர் நேரில் வர வேண்டியதில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: சென்ற மாதம் எங்கள் பெண் குதிரையின் பின்னங்காலில், ஃபெட்லாக் மூட்டுக்கு அருகே, முள் குத்தியதைப் போல ஒரு சிறு துளை இருந்தது. அன்று அது கொஞ்சமும் நொண்டவில்லை. மருந்து தடவினோம், துளை மூடிப் பொருக்குக் கட்டியது. மூன்றாம் நாள் விடிந்தபோது அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மயக்கம் கொடுத்து மூட்டைக் கழுவினார்கள், இப்போது தேறிவருகிறது. முதல் நாளிலேயே நாங்கள் எதைக் கவனித்திருக்க வேண்டும்?

பதில்: குதிரை தேறிவருவது பெரும் நிம்மதி. முதல் நாளில் அது நொண்டாததுதான் உங்களை ஏமாற்றிவிட்டது. பலரையும் அதுதான் ஏமாற்றுகிறது. துளை திறந்திருக்கும் வரை, மூட்டுக்குள் சேரும் நீர் அதன் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். உள்ளே அழுத்தம் கூடாது. ஆகையால் வலியும் பெரிதாகத் தெரியாது. துளை மூடியதும் கிருமிகள் உள்ளேயே அகப்பட்டுப் பெருகுகின்றன. நீர் வெளியேற வழியின்றி மூட்டு விம்முகிறது. ஓரிரு நாட்களில் குதிரை காலை ஊன்ற முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. காயம் ஆறுவதுபோல் தோன்றும் அதே வேளையில் வலி அதிகரித்தால், உள்ளே தொற்று இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காயத்தின் அளவுக்கும் நொண்டலின் அளவுக்கும் பொருத்தம் இல்லாவிட்டால், எப்போதும் நொண்டலையே நம்புங்கள்.

முதல் நாளில் நீங்கள் கவனித்திருக்க வேண்டியது அந்த இடத்தைத்தான். மூட்டுக்கு அருகே துளை இருந்தது என்பது ஒன்றே மருத்துவரை அழைக்கப் போதுமான காரணம். துளை மூட்டுக்குள் போகிறதா என்று பார்க்கக் குச்சியையோ வேறு எதையுமோ நாமாக உள்ளே விட்டுப் பார்க்கக் கூடாது. அது போகாத மூட்டுக்குள் நாமே கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததாகிவிடும். மருத்துவர் அதைச் செய்யும் முறையே வேறு. காயத்திலிருந்து தள்ளி, மூட்டின் வேறொரு பக்கத்தில் முடியை மழித்துச் சுத்தம் செய்து, அங்கே ஊசியைச் செலுத்திச் சிறிது மூட்டுநீரை எடுப்பார். பின்பு அதே ஊசியின் வழியாகக் கிருமி நீக்கிய உப்புநீரை உள்ளே செலுத்துவார். காயத்தின் வாயிலிருந்து அந்த நீர் வெளியே வந்தால், மூட்டு திறந்துவிட்டது என்பது உறுதி. எடுத்த நீரையும் பரிசோதிப்பார்கள். ஆரோக்கியமான மூட்டுநீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,000க்கும் குறைவான வெள்ளணுக்களே இருக்கும். தொற்று ஏற்பட்ட மூட்டில் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் 30,000ஐத் தாண்டிவிடும்.

மூட்டைக் கழுவும் சிகிச்சையை முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் குதிரை பழையபடி வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. நாள் கடக்கக் கடக்கக் குருத்தெலும்பு அரிக்கப்படுவதால், பின்பு தொற்று நீங்கினாலும் நொண்டல் தங்கிவிடலாம். குட்டிகளைப் பொறுத்தவரை இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்: பிறந்து சில வாரங்களே ஆன குட்டி நொண்டினால், வெளியே காயமே தெரியாவிட்டாலும், மூட்டில் தொற்று இருக்கிறது என்று கருதி அன்றே காட்டிவிட வேண்டும்.

கேள்வி: குளம்பின் அடியில் ஆணி ஏறியிருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

பதில்: மருத்துவர் விரைவில் வர முடியுமானால் பிடுங்காதீர்கள். ஆணி இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால், அது எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது, எதைத் தொட்டிருக்கிறது என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். பிடுங்கிய மறுகணமே குளம்பின் மிருதுவான பகுதி மூடிக்கொள்ளும். துளை எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும். அதுவரை குதிரை அந்த ஆணியின் மேல் எடையை வைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆணியின் தலையைச் சுற்றி, அதைவிட உயரமாக, மரத்துண்டுகளையோ தடித்த பஞ்சையோ வைத்துக் குளம்போடு சேர்த்துக் கட்டிவிட்டால், ஆணி மேலும் உள்ளே ஏறாது.

அப்படிக் கட்ட முடியவில்லை, குதிரை மிதித்து மிதித்து ஆணியை உள்ளே ஏற்றிக்கொண்டிருக்கிறது என்றால், பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பிடுங்குவதற்கு முன் கைபேசியில் நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறதோ அதே சாய்வில் இழுங்கள். நுழைந்த இடத்தை மார்க்கர் பேனாவால் வட்டமிடுங்கள். எவ்வளவு நீளம் உள்ளே இருந்தது என்பதை ஆணியிலேயே அடையாளமிட்டு, அந்த ஆணியை மருத்துவருக்காக எடுத்து வையுங்கள்.

குளம்பின் அடியில் முக்கோண வடிவில் இருக்கும் ஃபிராக் பகுதியின் நடுவில் ஆணி ஏறியிருந்தால் அது அவசர நிலை. அதற்கு நேர் மேலே ஆழ்ந்த தசைநாணும் நாவிகுலர் என்ற சிறு எலும்பும் அதையொட்டிய நீர்ப்பையும் ‘சவப்பெட்டி எலும்பு’ எனப்படும் குளம்புக்குள் இருக்கும் எலும்பின் மூட்டும் இருக்கின்றன. குதிரை அன்று நன்றாகவே நடந்தாலும் சரி, லாடம் அடிப்பவர் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று சொன்னாலும் சரி, மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும்.

கேள்வி: காயத்திலிருந்து எவ்வளவு இரத்தம் போனால் ஆபத்து?

பதில்: 500 கிலோ எடையுள்ள குதிரையின் உடம்பில் ஏறத்தாழ 40 லிட்டர் இரத்தம் இருக்கிறது. தரையில் ஒரு லிட்டர் கொட்டினாலே நமக்குக் குளம்போல் தெரியும். ஆனால் ஆரோக்கியமான பெரிய குதிரை சில லிட்டர் இழப்பைத் தாங்கிக்கொள்ளும். சிறிய மட்டக் குதிரைகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக, துடித்துத் துடித்துப் பீறிட்டு வந்தால் தமனி அறுந்திருக்கிறது. அப்போது காயத்தைக் கழுவ நேரம் செலவிடாதீர்கள். சுத்தமான துணியை மடித்து வைத்து, இடைவிடாமல் 15 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து இறுக்கிக் கட்டுங்கள். காலைக் கயிற்றால் முறுக்கிக் கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்தும் வேலையில் இறங்காதீர்கள். அழுத்தியும் நிற்காத இரத்தம், வெளுத்த ஈறு, ஓய்வாக நிற்கும்போதே நிமிடத்துக்கு 60ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, குளிர்ந்த காதுகள் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மருத்துவர் உடனே வர வேண்டும்.

கேள்வி: முன்னங்காலும் மார்பும் சேரும் அக்குள் பகுதியில் மரக்கிளை குத்திய சிறு காயம். இரண்டு நாள் கழித்து, கழுத்து வரை தோல் உப்பியிருக்கிறது. அழுத்தினால் நறநறவென்று ஒலிக்கிறது. இது சீழா?

பதில்: சீழ் அல்ல, காற்று. அந்தக் காயம் ஒவ்வோர் அடிக்கும் திறந்து மூடுகிறது. திறக்கும்போது காற்றை உள்ளே இழுத்து, மூடும்போது அதைத் தோலுக்கு அடியில் தள்ளிவிடுகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் வரை அந்தக் காற்றால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் அது சில நாட்களில் மார்புக்குள் இறங்கினால் நுரையீரல் விரிய முடியாமல் மூச்சுத்திணறல் ஏற்படும். குதிரையை உடனே லாயத்தில் கட்டி, நடமாட்டத்தை நிறுத்திவிட்டு, மருத்துவரை இன்றே வரவழையுங்கள். உள்ளே மரச்சிம்பு தங்கியிருக்கிறதா என்பதையும் அவர்தான் பார்க்க வேண்டும். மார்பில் இருக்கும் காயத்தில் மூச்சோடு சேர்ந்து காற்று உறிஞ்சப்படும் ஓசை கேட்டால், சுத்தமான பிளாஸ்டிக் தாளை வைத்து அதை மூடிக்கொண்டே தொலைபேசியை எடுங்கள்.

கேள்வி: டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து மாதம் ஆகிறது. சின்னக் கீறலுக்கெல்லாம் மீண்டும் போட வேண்டுமா?

பதில்: வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் கிருமியின் நஞ்சுக்கு மிக எளிதில் ஆளாவது குதிரைதான். அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பதால் லாயத்தில் அதிலிருந்து தப்பவே முடியாது. காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயம்தான் அதற்கு மிகவும் பிடித்த இடம். முதலில் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள், பின்பு ஆண்டுதோறும் ஒன்று என்பது பொதுவான முறை. கடைசி ஊசி போட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்து காயம் பட்டால், ஓர் ஊக்க ஊசி போடுவது நல்லது. உங்கள் குதிரைக்குப் பத்து மாதம் ஆகிவிட்டதால், போடுங்கள் என்பதே என் பதில்.

இதுவரை தடுப்பூசியே போடாத குதிரைக்கு, அல்லது போட்டதா என்பது தெரியாத குதிரைக்கு, காயம் மிகச் சிறியதாக இருந்தாலும் மருத்துவர் தேவை. அவர் தடுப்பூசியோடு, சில வாரங்களுக்கு மட்டும் காப்பளிக்கும் நஞ்சுமுறிவு ஊசியையும் வேறோர் இடத்தில் போடுவது பற்றி முடிவு செய்வார். நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களில் தெரியும். அதற்குள் காயம் ஆறியே போயிருக்கலாம். கால்கள் மரம்போல் விறைத்து, காதுகள் நிமிர்ந்து, தாடை திறக்காமல், சிறு ஓசைக்கும் உடம்பு திடுக்கிட்டு, கண்ணின் உள்மூலையிலிருந்து சவ்வு கருவிழியின் மேல் பாய்ந்து மறைத்தால், அது டெட்டனஸ்தான் என்று கருதிச் செயல்படுங்கள். அந்த நிலையில் காப்பாற்றுவது மிகக் கடினம். தடுப்பதோ மிக எளிது.

கேள்வி: காயத்துக்கு எந்த மருந்தைத் தடவுவது நல்லது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: மருத்துவர் பார்க்க வேண்டிய காயம் என்றால், எதையும் தடவாதீர்கள். நிறமுள்ள ஸ்பிரே, பொடி, எண்ணெய் கலந்த களிம்பு ஆகியவை காயத்தின் உண்மையான நிலையை மறைத்துவிடும். நான் அதைச் சுரண்டி எடுத்த பிறகே பார்க்க முடியும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் கிருமியோடு சேர்த்து, புதிதாக வளரும் திசுவையும் கொன்றுவிடும். போவிடோன் அயோடினைப் பயன்படுத்துவதானால், 10 சதவீதக் கரைசலில் 10 மில்லியை ஒரு லிட்டர் நீரில் கலந்தால் போதும். நேராக ஊற்றக் கூடாது. சிராய்ப்புகளுக்கு உப்புநீரும் பொறுமையும் போதும் என்பதே என் கருத்து.

கேள்வி: மேல் இமை கிழிந்து ஒரு துண்டுத் தோல் தொங்குகிறது. கண் நன்றாக இருப்பதாகவே தெரிகிறது. தொங்குவதை வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டவே கூடாது. அந்தத் துண்டு தைத்தால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். வெட்டிவிட்டால் கண் முழுவதுமாக மூடாமல், கருவிழி காய்ந்து வாழ்நாள் முழுவதும் தொல்லை தரும். கண்ணோ இமையோ சம்பந்தப்பட்ட எந்தக் காயத்துக்கும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீர் வடியும் குதிரைக்கும், அன்றே மருத்துவர் தேவை. வீட்டில் மிச்சமிருக்கும் கண் களிம்பைப் போடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால், கண்ணையே இழக்க நேரிடும்.

கேள்வி: கணுக்காலுக்கு மேல் பட்ட காயம் ஐந்து வாரமாக ஆறவில்லை. செக்கச் சிவந்த சதை தோலைவிட உயரமாக வளர்ந்திருக்கிறது. அரிக்கும் பொடியைத் தூவினால் கரைந்துவிடும் என்கிறார்கள்.

பதில்: காலின் கீழ்ப்பகுதியில் குதிரைக்கு இது அடிக்கடி நேர்வதுதான். காயத்தின் பள்ளத்தை நிரப்பும் சதை, தோலின் மட்டத்துக்கு வந்ததும் நிற்காமல் மேலே வளர்ந்துவிடுகிறது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர வேண்டிய புதுத்தோல் அதன்மேல் ஏற முடியாமல் நின்றுவிடுகிறது. காலின் கீழ்ப்பகுதியில் புதுத்தோல் நாளொன்றுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில்தான் நகர்கிறது. விலாப் பக்கத்தில் அதைப்போல் இரு மடங்கு வேகம் உண்டு. ஆகவே கால் காயம் ஆற மாதக்கணக்கில் ஆவதில் வியப்பில்லை.

ஆனால் ஐந்து வாரத்துக்குப் பிறகும் ஓரத்தில் இளஞ்சிவப்பான புதுத்தோலே தெரியவில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். பொடி அந்தக் காரணத்தைத் தொடாது. எலும்பு வெளியே தெரிந்த காயமாக இருந்தால், அதன் ஒரு சில்லு இறந்து உள்ளேயே தங்கியிருக்கலாம். காயம் பட்டுச் சில வாரங்கள் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியவரும். மரத்துணுக்கு தங்கியிருக்கலாம். வெப்பமான காலத்தில், ஈக்கள் கொண்டுவந்து விடும் ஹாப்ரோனிமா புழுவின் இளம்புழுக்கள் காரணமாக இருக்கலாம். சார்காய்டு எனப்படும் தோல் கட்டி காயத்தில் தோன்றியும் இருக்கலாம். அதைச் சதை என்று நினைத்துச் சீண்டினால் அது மேலும் மூர்க்கமாக வளரும். மிகையாக வளர்ந்த சதையில் நரம்பு இல்லாததால், மருத்துவர் அதைச் சீவி எடுக்கும்போது குதிரைக்கு வலிக்காது. இரத்தம் மட்டும் நிறைய வரும். அரிக்கும் பொடியோ சதையோடு சேர்த்து ஓரத்தில் இருக்கும் புதுத்தோலையும் எரித்துவிடும். நீங்கள் காத்திருந்த ஐந்து வாரமும் வீணாகிவிடும்.

கேள்வி: எங்கள் இடத்துக்கு மருத்துவர் வர மறுநாள் ஆகிவிடும். அதுவரை வலி மருந்து கொடுத்து வைக்கலாமா? தொலைபேசியில் அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: அவரிடம் கேட்காமல் வலி மருந்து கொடுக்காதீர்கள். குதிரை துன்பப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். ஆனால் ஃபீனைல்பியூட்டசோன் போன்ற மருந்து உள்ளே போனால் நொண்டலும் காய்ச்சலும் அடங்கிவிடும்; மூட்டில் தொற்று இருக்கிறதா என்பதை எனக்குக் காட்டிக்கொடுக்கும் இரண்டு சாட்சிகளும் மறைந்துவிடும். மேலும், உடைந்த காலில் வலி குறைந்தால் குதிரை அதன்மேல் எடையை வைத்துவிடும். நிலைமையைக் கேட்ட பிறகு மருத்துவரே கொடுக்கச் சொன்னால், அவர் சொன்ன அளவைக் கொடுத்துவிட்டு, நேரத்தை எழுதி வையுங்கள்.

அழைப்பதற்கு முன் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து வெப்பநிலையைப் பார்த்துவிடுங்கள்; வளர்ந்த குதிரைக்கு 37 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரலை வைத்தால் நாடி கிடைக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், மூச்சு 8 முதல் 16 வரையும் இருக்கும். இந்த எண்களோடு, காயம் எப்போது பட்டது, எதனால் பட்டது, எந்த மூட்டிலிருந்து எவ்வளவு தூரம், காலை ஊன்றுகிறதா, கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போடப்பட்டது என்பவற்றைச் சொல்லுங்கள். கழுவிய பிறகு ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். கால் முழுவதும் தெரியும்படி சற்றுத் தள்ளி நின்றும் ஒரு படம் வேண்டும், இல்லாவிட்டால் நெருக்கமான படத்தில் எது முழங்கால், எது ஃபெட்லாக் என்றே தெரியாது.

பிறகு குதிரையை லாயத்திலேயே நிறுத்தி, காயத்தில் ஒட்டாத துணியை வைத்து, அதன்மேல் தடிமனாகப் பஞ்சைச் சுற்றி, பாதிக்குப் பாதி மேலேறும்படி கிரேப் பேண்டேஜைக் கட்டுங்கள். பஞ்சு இல்லாமல் பேண்டேஜை மட்டும் இறுக்கினால் தசைநாண் நசுங்கும். முழங்காலின் பின்புற எலும்பின் மீதும் ஹாக் மூட்டின் முனையின் மீதும் அழுத்தம் விழவே கூடாது. கட்டுக்கு மேலே கால் வீங்கினாலோ, குதிரை கட்டைக் கடித்து இழுத்தாலோ அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். இரவில் சில மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அதற்குள் அது காலை ஊன்ற மறுத்தாலோ, தீனியைத் தொடாமல் நின்றாலோ, வெப்பநிலை 38.5ஐத் தாண்டினாலோ, விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவரை மறுபடி அழைத்து, குதிரையை மருத்துவமனைக்குக் கொண்டுவரலாமா என்று கேளுங்கள்.